பூஜை அறையில் ஒரு தொப்பி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டால் ஒப்புக்கொண்ட பெருமைகூட எனக்கு மிஞ்சாது. பெண் பார்க்கப் போன வீட்டில், வாய் நிறையக் கேசரியை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காதபோதே, "எங்க தாத்தா கப்பல் கேப்டன்" என்று சொன்னேன். அது எப்படிப்பட்ட வீடு என்றால், வாழ்நாள் முழுக்கக் கப்பலில் கிடந்து ஓய்வு பெற்ற ஒரு சாரங்கின் வீடு. சாரங்கு என்பவர் கப்பலில் மாலுமிகளை மேய்க்கிறவர். மாட்டு வைத்தியரிடம் போய் எங்கள் பசு முட்டை போடும் என்று சொன்னதற்குச் சமம்.

சாரங்கு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்தக் கப்பல், தம்பி?"

"பெரிய கப்பல்ங்க."

"பெரிய கப்பல்னு ஒரு கப்பல நான் பாத்ததில்லியே. எந்தக் கம்பெனி? எந்தத் துறைமுகம்?"

கேசரி தொண்டையில் நின்றுகொண்டது. பக்கத்தில் இருந்த அப்பாதான் என்னைக் காப்பாற்ற வந்தார்.

"நம்ம மலாக்காக் கடல்லதாங்க முழுகிட்டாரு. கேப்டன்னா கப்பல விட்டுட்டு எறங்க மாட்டாங்கள்ல. கப்பலோடயே போயிட்டாரு."

"அப்படியா?" என்றார் சாரங்கு. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "கப்பல்ல கால வச்சவன் காகிதம் இல்லாம கால எடுக்க முடியாதுங்க. ஏறினா எழுதுவான், எறங்கினா எழுதுவான், செத்தாலும் எழுதுவான். அந்தக் காகிதத்தக் கொண்டாங்க. அப்புறம் தேதி குறிச்சுக்கலாம்."

திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்காகவே எப்படியாவது அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்துவிடுவது என்று நான் அங்கேயே முடிவு செய்தேன். மெர்டேக்கா வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கடைத்தெருக் கம்பிகளில் கொடிகள் வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. நாட்டுக்கே விடுதலை கிடைத்துவிட்டது, எனக்கு ஒரு பெண் கிடைக்காதா என்ற தெம்பில் சைக்கிளை மிதித்தேன். அப்பா பின்னால் உட்கார்ந்து வழி நெடுகப் பொருமினார்.

"கேப்டன் மவன்கிட்ட போயி ஒரு சாரங்கு காகிதம் கேக்கறான் பாரு!"

எங்கள் வீடு மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டி தொடங்குகிற முனையில் இருந்தது. அப்பாவுக்குப் பாசாரில், அதாவது சந்தையில், காய்கறிக் கடை. நான் ஒரு ரப்பர் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் பூஜை அறையில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தொப்பி இருந்தது. முன்புறம் பொன்னிறப் பின்னல், அதன் மேல் சந்தனம், குங்குமம். தாத்தாவின் தொப்பி. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அப்பாவுக்கு நடக்கவும் வராத வயது. சில மாதம் கழித்துத் தாத்தாவின் கூட்டாளி ஒருவர் இந்தத் தொப்பியோடு ஊருக்கு வந்து, "மலாக்காவுக்குப் பக்கத்துல கப்பல் முழுகிருச்சு. கேப்டனா இருந்தாரு, கேப்டனாவே போனாரு" என்று சொல்லியிருக்கிறார். முழுகின கடலிலேயே காரியம் செய்ய வேண்டும் என்று அப்பாவைப் பெற்றவள் பிள்ளையையும் தொப்பியையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவள்தான். பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை.

பரம்பரையாக வந்த பெருமை இன்னொன்றும் உண்டு. என் இடது காலில் ஆறு விரல். அப்பாவுக்கும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் என்னை வாத்து என்றுதான் கூப்பிட்டார்கள். "அது கேப்டன் வெரலுடா, கப்பல் ஆடும்போது தரையப் புடிச்சுக்கறதுக்கு ஆண்டவன் ஒண்ணு கூடக் குடுத்திருக்கான்" என்று அப்பா தேற்றுவார். நான் நம்பினேன். ஆற்றுப் படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவன் நான். அப்போதும் நம்பினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் வழக்கம். எல்லோரும் வீட்டுக்குள் இலை போட்டு, சாம்பிராணி காட்டி, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். தாத்தா கடலோடு போனவர் என்பதால் நாங்கள் மட்டும் கிளேபாங் கடற்கரைக்குப் போவோம். ஒரு பழைய படகு கவிழ்ந்து கிடக்கும் இடத்தில் இலை. அதில் ஆட்டுக்கறி, முறுக்கு, ஒரு போத்தல் பிராண்டி, பற்ற வைத்த சுருட்டு. சாத்துவதற்குக் கதவு இல்லாததால் கொஞ்ச தூரம் நடந்து, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சுருட்டு எரிந்து முடிகிற நேரம் வரை யாரும் திரும்பக் கூடாது. திரும்பிப் பார்த்தால் ஆவி அரைப்பசியோடு போய்விடும்.

பிறகு போய்ப் பார்த்தால் கறி இருக்காது, பிராண்டி பாதிதான் இருக்கும். "அப்பா வந்து சாப்பிட்டுட்டாரு" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார். நாய் என்று நான் நினைத்துக்கொள்வேன். பிராண்டி குடிக்கிற நாயைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கும் அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

காகிதத்துக்காக நான் முதலில் எழுதியது கடற்படைக்கு. கேப்டன் என்றால் பீரங்கிக் கப்பல் கேப்டனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்த நீளமான ஆங்கிலச் சொற்களை எல்லாம் அடுக்கி, தொப்பியை நூல் நூலாக வர்ணித்து, சிங்கப்பூருக்குத் தபால் போட்டேன். நான்கு வரியில் பதில் வந்தது. அப்படி ஒருவர் எந்தப் பதவியிலும் எங்களிடம் இருந்ததில்லை. நீங்கள் வர்ணிக்கும் தொப்பியும் எங்களுடையது அல்ல, சரக்குக் கப்பல்களில் அணிவது. மலாக்காத் துறைமுக அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கவும்.

"சரக்குக் கப்பல்னா என்ன, கேப்டன் கேப்டன்தானே?" என்றார் அப்பா. சொன்னவர் ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

துறைமுக அலுவலகத்தில் வெள்ளைக்கார துரை ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பழைய பதிவேடுகளில் எதைக் கோலாலம்பூருக்கு அனுப்புவது, எதைக் கொளுத்துவது என்று பிரிக்கும் வேலை கம்போங் செட்டிக்காரரான ஒரு கிராணியின் தலையில் விழுந்திருந்தது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கோயிலில் எங்களோடு சேர்ந்து கற்பூரம் ஒற்றிக்கொள்வார், ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட குடும்பம் என்பதால் பேசுவதெல்லாம் மலாய். அவர் சொன்னதை நான் தமிழில்தான் எழுதுகிறேன். புத்தகங்களைத் தூக்கி இறக்கித் தூசி தட்டினால் தேட விடுகிறேன் என்றார். இரண்டு சனிக்கிழமை தட்டினேன். இராணி காலத்துத் தூசி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தும்மினேன்.

மலாக்காவில் கப்பலை விட்டு இறங்கியவர், செத்தவர், காணாமல் போனவர் என்று எல்லோரையும் எழுதி வைத்த பதிவேடு அது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பக்கம். பதவி வரிசையில் பெயர்கள். முதல் சனிக்கிழமை கேப்டன்களை மட்டும் பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு பக்கத்தில் நாகப்பட்டினம் என்ற சொல்லைக் கிராணி பிடித்துவிட்டார். அவருடைய விரல் மேலிருந்து இறங்கத் தொடங்கியது.

"கேப்டன், இல்ல. துணைக் கேப்டன், இல்ல. இன்ஜினியர், இல்ல."

"சாரங்குன்னா கூடப் பரவாயில்லை" என்றேன்.

"சாரங்கு, இல்ல. மாலுமிங்க, இல்ல. கரி அள்ளிப் போடறவங்க, இல்ல." விரல் பக்கத்தின் அடிக்கு வந்து நின்றது. "இருக்கு!"

தாத்தாவின் பெயர். அவருடைய அப்பாவின் பெயர். ஊர். அடையாளம்: இடது காலில் ஆறு விரல். பதவி: சமையல்காரனுக்கு உதவியாள். முதல் பயணம்.

நான் நாற்காலியில் உட்காரப் போனேன். அங்கே நாற்காலி இல்லை. தரையில் கிடந்தபடியே மீதியைக் கேட்டேன்.

"மலாக்காவில் நங்கூரமிட்டிருந்தபோது கப்பலை விட்டு ஓடிவிட்டான். தேடியும் கிடைக்கவில்லை. கப்பல் மறுநாள் ரங்கூனுக்குப் புறப்பட்டது." கிராணி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி மறுபடியும் குனிந்தார். "அலாமாக்! இன்னும் இருக்குப்பா. அன்று முதல் கேப்டனின் வெள்ளைத் தொப்பியையும் காணவில்லை."

கப்பல் முழுகவே இல்லை. சாரங்கு சொன்னது எவ்வளவு சரி! ஓடினாலும் எழுதி வைத்திருக்கிறான். தலைமுறை தலைமுறையாக முருகனுக்குப் பக்கத்தில் வைத்து நாங்கள் சூடம் காட்டியது ஒரு திருட்டுத் தொப்பிக்கு. பரீட்சை நாளில் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்த்தான் நான் கணக்கில் தேறாமல் வந்தேன். அதற்கான காரணமும் இப்போது புரிந்தது.

கிராணி ஒரு நகல் அடித்துத் துரையின் முத்திரையைக் குத்தித் தந்தார். 'சமையல்காரனுக்கு' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மங்கலாக அடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே மங்கிப் போனேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு சாரங்கின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவர் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உருளைக்கெழங்கு உரிச்சவராப்பா?"

"நீ சும்மா இரு."

"கேப்டன்னதும் எனக்குப் பயமா இருந்திச்சு. கெழங்கு உரிச்சவர் பேரன்னா வீட்டுக்கு ஒதவும்."

சாரங்கு சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து என் கையில் தந்தார்.

"இதக் கொண்டாந்தீங்க பாருங்க, அது போதும் எனக்கு. உங்கப்பாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு."

"நான் அவருக்குச் சம்பந்தியா வந்து, கேப்டன் மவனேன்னு வாய் நெறையப் பொய் பேசணுமா? முடியாது. தீபாவளிக்குள்ள அவருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. சொல்லிட்டு வந்தா தேதி. இல்லன்னா இந்த வாசல மறந்துருங்க."

வாசல் வரைக்கும் வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என் காலையே பார்த்தார்.

"ஓடினான்னுதானே எழுதியிருக்கு. செத்தான்னு எழுதலியே."

அதை அப்படியே துறைமுகக் கிராணியிடம் போய்ச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் தொடையில் அடித்துக்கொண்டார். ஆறு விரல் என்று படித்தபோதே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்ததாம். கிளேபாங்கில் கடலோரமாக ஒரு கிழவர் மீன் பொரித்து விற்கிறார், வெறுங்காலோடுதான் நிற்பார், நல்ல கைப்பக்குவம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். ஓலைக் கொட்டகை, இரண்டு பலகை, ஒரு பெரிய வாணலி. வாணலிக்குப் பின்னால் எண்பதைத் தொட்டவர் ஒருவர் அயிலை மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைப் பார்த்தேன். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். என் கால் அங்கே கிழடாகி நின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்தால், அப்பாவின் தலையே அந்த உடம்பின் மேல் இருந்தது.

"உக்காரு" என்றார் அவர், நிமிராமல். "போன வருசம் கறியில உப்பு கம்மி. உங்கம்மாகிட்ட சொல்லு."

உட்கார்ந்தேன்.

"நீங்க... தாத்தா..."

"ஆமா. செத்துப் போயி நாளாச்சு." ஒரு மீனை எடுத்து என் முன்னால் வைத்தார். "சாப்புடு. வருசா வருசம் நீங்க போடறீங்க, நான் ஒரு நாளாவது போட வேணாமா?"

வாயில் வைத்தது எந்த வழியாக உள்ளே போனது என்று தெரியவில்லை. அவர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போனார். கப்பலேறிய நாளிலிருந்து வாந்தி. சமையல்காரன் கரண்டியால் அடிப்பானாம். மலாக்காவில் தரையைக் கண்டதும் இறங்கி ஓடிவிட்டார்.

"தொப்பி எதுக்குத் தாத்தா?"

"வெயிலா இருந்திச்சு."

பிடித்தால் ஜெயில் என்ற பயத்தில், ஊருக்குத் திரும்பும் கூட்டாளியிடம் தொப்பியைக் கொடுத்து, செத்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லச் சொல்லியிருக்கிறார். "செத்துட்டேன்னு சொல்லச் சொன்னது மட்டுந்தான் நான். கப்பல முழுக வச்சது, கேப்டனாக்கினது எல்லாம் அந்தப் பய கைவரிசை." பெண்டாட்டி வெள்ளைச் சேலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கே வந்து இறங்குவாள் என்று அவர் நினைக்கவில்லை. காஜா பேராங் வரை மூன்று முறை நடந்து வந்து, மூன்று முறையும் முனையிலேயே திரும்பியிருக்கிறார். "செத்தவன் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுக் கதவத் தட்டறது?" அப்புறம் ஒரு தீபாவளிக்கு இந்தக் கடற்கரையில் தன் பெயருக்கே இலை போடுவதைப் பார்த்திருக்கிறார். எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். கவிழ்ந்த படகுக்குப் பின்னால் இருந்தவருக்கோ நல்ல பசி.

ஜப்பான்காரன் காலத்தில் இலையில் மரவள்ளிக்கிழங்கு மட்டும் இருந்ததாம். எனக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. நாங்கள் திரும்பிப் போனபோது இலைக்கடியில் ஒரு பொட்டலம் கருவாடு இருந்தது. கடல் கொடுத்தது என்று அப்பா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதம் அதை வைத்துத்தான் குழம்பு.

"அது நீங்களா?"

அவர் குனிந்து அடுப்பை ஊதினார்.

நான் கெஞ்சினேன். சாரங்கின் நிபந்தனையைச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாவிட்டால் எனக்குப் பெண் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

"உங்கப்பன் பாவம்டா. அப்பன் கேப்டன்னு நெஞ்ச நிமித்தி நடக்கறான். கெழங்கு உரிச்சிட்டு ஓடி வந்தவன்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போவான். சொல்லிராத." பிறகு கொஞ்சம் தயங்கி, "இப்பல்லாம் கறிய எலும்பு இல்லாம போடறான். நல்ல பிள்ள" என்றார்.

தீபாவளிக்கு முதல் நாள் வரை என்னால் அப்பாவிடம் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தேன். முனை வரைக்கும் வந்து திரும்புவது எங்கள் பரம்பரைக் குணம் போலிருக்கிறது. ஒரு பக்கம் சொல்லாதே என்ற கிழவர். இன்னொரு பக்கம் சொன்னால்தான் தேதி என்ற சாரங்கு. நடுவில் வழக்கம்போல் நான், தும்மிக்கொண்டு.

படையல் அன்று சாயங்காலம் கிளேபாங்குக்குப் போனோம். அம்மா உப்பைக் கூடவே போட்டிருந்தாள், என் யோசனையின் பேரில். அப்பா கறித்துண்டுகளை இலையில் இன்னும் சிறிதாகப் பிய்த்துப் போட்டார். போத்தலின் மூடியைத் திருகித் தளர்த்தி வைத்தார். மடித்த கம்பளிச் சால்வை ஒன்றையும் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். மழைக்காலம் வருகிறது, கடல் குளிரும் என்றார். சுருட்டைப் பற்ற வைத்ததும் மூன்று பேரும் நடந்தோம். அம்மா தென்னை மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் நானும் சாலையைப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றோம்.

பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு போத்தலில் கிண்ணம் படுகிற ஓசை. இத்தனை வருஷம் அதை அலை என்றே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இன்னும் ஒரு சுருட்டு நேரம்தான் இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து வந்த அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அப்பா, தாத்தா கேப்டன் இல்லப்பா. கெழங்கு உரிச்சவரு. அந்தத் தொப்பி திருடினது. அவரு சாகவும் இல்லப்பா, இப்ப நமக்குப் பின்னாடி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா, திரும்பாத."